ராசாவிலிருந்து நாற்பத்து மூன்று முறை

இதுவரை நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சுங்கை செண்டோக் தோட்டத்தில் கணக்கெழுதிய முன்னாள் கிராணி தங்கராஜுவின் மகன் புனிதனுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பெண் வீடு அம்பாங்கானில். மண்டபம் ஆயிற்று, மேளம் ஆயிற்று, சமையல்காரருக்குச் சொல்லியாயிற்று. ஆகாதது ஒன்றே ஒன்று. மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வரவேண்டிய தாய்மாமன் ஆறுமுகம், ராசா என்கிற ஊரில் தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இன்று வியாழக்கிழமை.

ஆறுமுகத்தின் தங்கை நீலாவதி, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, திங்கட்கிழமையிலிருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டாள். மூன்று தடவையும் எடுத்தது அண்ணி பஞ்சாலைதான். முதல் தடவை அண்ணன் தூங்குகிறார். இரண்டாவது தடவை குளிக்கிறார். மூன்றாவது தடவை மறுபடியும் தூங்குகிறார். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய மனிதர், பகலில் கண்ணயர்ந்து யாரும் பார்த்ததில்லை. இப்போது என்ன திடீர்த் தூக்கம் என்று கேட்க நீலாவதிக்கு வாய் வரவில்லை. சரி அண்ணி, எழுந்ததும் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டாள்.

"நாப்பத்து மூணு" என்றார் தங்கராஜு, முன்னறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தபடி.

நீலாவதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கையோடு எட்டிப் பார்த்தாள்.

"ராசா நாப்பத்து மூணு. நேத்து ராத்திரி நாப்பத்தொண்ணு இருந்துச்சு. காலையிலயே ரெண்டு தடவ பாத்துட்டாரு ஒங்கண்ணன்."

அவர் சொன்ன விதத்தில் ஒரு வெற்றி இருந்தது. நீலாவதி மறுபடி வெங்காயத்துக்குத் திரும்பினாள்.

இந்த எண்ணிக்கை வியாதி எப்படி வந்தது என்று புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆபீஸ் வாசலில் முன்பு ஒரு செய்திப் பலகை இருந்தது. யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் கருமாதி, கோயில் திருவிழா என்றைக்கு, எல்லாவற்றையும் கிராணி தங்கராஜு தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி ஒட்டுவார். சனங்கள் சிரம்பானுக்கும் தம்பினுக்கும் பிரிந்து போன பிறகு ஒட்டினால் படிக்க ஆளில்லை. புனிதன்தான் அப்பாவுக்கு ஒரு வலைப்பூ திறந்து கொடுத்தான். அதற்கும் ‘செய்திப் பலகை’ என்றுதான் பெயர். தங்கராஜு ஒற்றை விரலால் தமிழ் தட்டச்சு கற்றுக்கொண்டு ஆறு வருஷமாக அதை நடத்துகிறார். ஒரு மரணச் செய்திகூடத் தவறவிட்டதில்லை.

இந்த வருஷம் மகன் அதில் இரண்டு பிளகின்களைச் சேர்த்துவிட்டான். ஒன்று, எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம், எதுவரைக்கும் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கும். இன்னொன்று, பக்கத்தைத் திறந்ததும் அதன்மேல் ஒரு வீடியோவை மிதக்கவிடும். தன் கல்யாணப் பத்திரிகையின்மேல் அவன் மிதக்கவிட்டது நிச்சயதார்த்த வீடியோ.

மிதக்கிற வீடியோவைப் பற்றித் தங்கராஜுவுக்குப் பெரிய அக்கறை இல்லை. கணக்கெடுக்கிற பிளகின்தான் மனிதரைப் பிடித்துக்கொண்டது. இருபத்தெட்டு வருஷம் விடியற்காலையில் செக்ரோல் என்கிற வருகைப் புத்தகத்தோடு நின்று பெயர் கூப்பிட்டவர் அல்லவா. பேர் போட்டால் ஆள் வந்தாயிற்று என்பது அவருடைய வேதம். கல்யாணத்துக்கு அழைக்க வேண்டிய வீடுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். பத்திரிகையை வலைப்பூவில் போட்டார். எந்த ஊரிலிருந்து ஆள் வந்ததாகக் கணக்கு காட்டுகிறதோ, அந்த ஊர்க்காரர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. கோடு விழுந்த வீட்டுக்கு நேரில் போக வேண்டியதில்லை.

ராசாவுக்கு மூன்று வாரத்துக்கு முன்பே கோடு விழுந்துவிட்டது. வேறு யாருக்கு ராசாவில் நம்ம பலகையைத் தெரியும் என்பது அவர் வாதம்.

சாமிக்கு அடுத்த பத்திரிகை தாய்மாமனுக்கு என்று நீலாவதி அப்போதே சொன்னாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி, துண்டு வைத்து, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போய் நின்று கொடுக்க வேண்டும். அதான் தினமும் பார்க்கிறாரே, இன்னும் என்ன என்று தங்கராஜு கேட்டபோது அவள் அதற்குமேல் மல்லுக்கு நிற்கவில்லை. வேலை மலையாகக் கிடக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உண்மை அது இல்லை. நிச்சயதார்த்தத்துக்கு அண்ணனை அழைக்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

பயம் மூன்று வாரமாகக் குழப்பமாகி, குழப்பம் இன்றைக்கு நாற்பத்து மூன்றாகி நிற்கிறது. ஒரு மனிதன் ஒரு கல்யாணப் பத்திரிகையை நாற்பத்து மூன்று தடவை எதற்குப் பார்ப்பான்? சந்தோஷமாக இருந்தால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போன் செய்வான். கோபமாக இருந்தால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனைத் தூக்கி எறிவான். இது எதில் சேர்த்தி என்று அவளுக்கு விளங்கவில்லை.

கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த புனிதன், பத்து மணிக்கு எழுந்து காப்பியோடு வந்து உட்கார்ந்தான். நீலாவதி கையைத் துடைத்துக்கொண்டு அவனிடம் போனாள். இந்தக் கணக்கு ஆளைக் காட்டுமா என்று கேட்டாள்.

ஆளைக் காட்டாது, ஊரைத்தான் காட்டும், அதுவும் சில சமயம் பக்கத்து ஊரைச் சொல்லும் என்றான் அவன். ஆனால் ஒரே போனா, பல போனா என்று தெரியும். தட்டிப் பார்த்தான். நாற்பத்து மூன்றும் ஒரே போன்.

"இதுல ஒரு வேடிக்க இருக்கும்மா. வீடியோ மூணு நிமிஷம். இந்த ஆளு ஒரு தடவகூட முழுசாப் பாக்கல. ஒவ்வொரு தடவயும் முப்பத்தெட்டாவது செகண்டு, நாப்பதாவது செகண்டு, அதோட வெளிய போயிடறாரு."

"முப்பத்தெட்டுல என்னா இருக்கு?"

அவனுக்கும் தெரியவில்லை. அவன் அந்த வீடியோவில் தன் வருங்காலப் பெண்டாட்டி வரும் இடங்களைத் தவிர வேறெதையும் கவனித்ததில்லை. மடிக்கணினியில் போட்டுக் காட்டினான். பத்திரிகை பெரிதாக விரிந்தது. வலது பக்க மூலையில் வீடியோ சின்னதாக ஓட ஆரம்பித்தது.

பெண் வீட்டு வாசல். தட்டுகள். பெண்ணின் அத்தை குத்துவிளக்கு ஏற்றுகிறாள். முப்பது. முப்பத்தைந்து. விரித்த பாயில் மாப்பிள்ளை வீட்டுத் தாய்மாமன் உட்கார வேண்டிய இடம். அங்கே தங்கராஜுவின் சினேகிதர், தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பழைய மண்டோர் மாயாண்டி, பட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சம்மணம் கூட்டி உட்கார்கிறார். பெண் வீட்டார் அவர் நெற்றியில் சந்தனம் வைக்கிறார்கள். மாயாண்டி பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்.

நீலாவதி மடிக்கணினியின் மூடியைத் தானே சாத்திவிட்டாள்.

நடந்தது இதுதான். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஆறுமுகத்துக்குக் கண்ணில் ஆபரேஷன். சின்ன விசேஷம்தானே, இருபது பேர்தானே, அண்ணன் ஓய்வெடுக்கட்டும் என்று இவர்களாக நினைத்துக்கொண்டு தேதியைக்கூடச் சொல்லவில்லை. அம்பாங்கானில் போய் இறங்கினால், மாமன் எங்கே என்று கேட்டுவிட்டார்கள். மாமன் இல்லாமல் தட்டு மாற்றுவதில்லை என்று பெண்ணின் பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் மாயாண்டி உட்கார்ந்தார். அம்பாங்கானுக்கும் ராசாவுக்கும் காரில் பத்து நிமிஷம்.

"அண்ணன் இதத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கு" என்றாள் நீலாவதி. "நாப்பத்து மூணு தடவயும் இதத்தான்."

தங்கராஜு ஒத்துக்கொள்ளவில்லை. வீடியோவில் யார் வேண்டுமானாலும் உட்காரட்டும், பத்திரிகையில் தாய்மாமன் என்று ஆறுமுகம் பெயரைத்தானே போட்டிருக்கிறது, கடைசி வரியில் தடித்த எழுத்தில் தன் கையால் தட்டச்சு செய்திருக்கிறேனே, அதைப் பார்த்த பிறகும் ஒரு மனிதனுக்குக் கோபம் எப்படி வரும் என்றார். கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்துக் காட்டினார். பெயர் இருக்கத்தான் இருந்தது.

பெயர் இருக்கிறது, கோபம் எதற்கு? கோபம் என்றால் தினமும் பார்ப்பானேன்? இரண்டும் சேரவில்லை. வெங்காயம் பாதியில் கிடந்தது. நீலாவதி பூஜை அறைக்குப் போய்ப் பெரிய தாம்பாளத்தை எடுத்தாள். பீரோவில் இருந்த வேட்டியையும் துண்டையும், மேலே ஒரு தேங்காயையும் எடுத்து வைத்தாள். வெற்றிலை வீட்டில் இல்லை. புனிதனைக் கடைக்கு ஓட்டினாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் தங்கராஜு.

"ராசாவுக்கு. நீங்களும் சட்டைய மாத்துங்க."

மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்குப் போய்ப் பத்திரிகை கொடுப்பது கேலிக்கூத்து என்று அவர் அரை மணி நேரம் பேசினார். நாலு தடவை போன் பண்ணியும் பேசாத மனிதர் வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது என்றார். நாலு இல்லை, மூன்று என்று நீலாவதி திருத்தினாள். பிறகு அவள் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கி நின்றாள். மூட்டு வலிக்காரி வெயிலில் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் அவர் கார் சாவியை எடுத்தார். கொண்டுபோய் விடுவேன், உள்ளே வரமாட்டேன் என்று நிபந்தனையும் போட்டார்.

தம்பின் தாண்டி, ரெம்பாவ் தாண்டி, கார் சிரம்பானை நோக்கிப் போனது. நீலாவதி மடியில் தாம்பாளம். வளைவுகளில் தேங்காய் உருண்டது. அண்ணனிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தாள். கண் எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். ஏன், இத்தனை நாள் தெரியவில்லையா என்று கேட்டால் பதில் இல்லை. வேறு எதுவும் தோன்றவில்லை.

ராசாவில் ஆறுமுகத்தின் வீடு இருந்த சந்துக்குள் தங்கராஜு திரும்பவில்லை. சந்து பிரிகிற சிம்பாங்கில், மளிகைக் கடைக்குப் பக்கத்து மர நிழலில் காரை நிறுத்திக்கொண்டார். அங்கிருந்து வீட்டு வாசல் தெரியும். எஞ்சினை அணைக்காமல் போனைக் கையில் எடுத்தார்.

பஞ்சாலை கதவைத் திறந்தாள். வா நீலா என்றாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தாம்பாளத்தைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று சந்தின் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, கதவைத் திறந்தபடியே விட்டாள்.

ஆறுமுகம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். நீலாவதி தாம்பாளத்தை அவர் முன்னால் தரையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எப்படிண்ணே இருக்கு கண்ணு?"

"இருக்கு" என்றார். தாம்பாளத்தைக் கண்ணாடி வழியாகவே பார்த்தார். "இது எதுக்கு? அதான் போன்லயே வந்துருச்சே."

"அண்ணே..."

"அதுவும் நீ அனுப்பல. ஒங்க அண்ணியோட பஜனக் குரூப்புல யாரோ போட்டாங்க. ஒந் தங்கச்சி மவன் கல்யாணமாமேன்னு வெளியாளு கேட்டுத்தான் எனக்குத் தெரியும்."

நீலாவதி தலையைக் குனிந்துகொண்டாள். இந்த ஒன்றைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. ராசா, ராசா என்று நாள் தவறாமல் எண்ணினார்கள். ராசாவுக்கு அனுப்பியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தங்கராஜு அனுப்பியிருப்பார் என்று இவளும், இவள் அனுப்பியிருப்பாள் என்று அவரும் இருந்துவிட்டார்கள்.

ஆனாலும் அவள் கையில் ஒரு பிடி மிச்சம் இருந்தது. காலையில் கண்ணால் பார்த்ததுதான்.

"தப்புதாண்ணே. ஆனா பத்திரிகயில ஒங்க பேருதான் இருக்கு. தாய்மாமன்னு ஒங்க பேரத்தான் போட்டிருக்கோம்."

"எங்க?" என்றார் ஆறுமுகம்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். பழைய போன். உள்ளங்கையில் அடங்குகிற சின்னத் திரை, ஒரு மூலையில் விரிசல். நீலாவதி வாங்கித் தட்டினாள். செய்திப் பலகை திறந்தது. பிள்ளையார் படம், மணமகன் பெயர், மணமகள் பெயர், முகூர்த்த நேரம். அதற்குக் கீழே வர வேண்டியவை எதுவும் வரவில்லை. வீடியோ எழும்பி வந்து பாதித் திரையை அடைத்துக்கொண்டது. பெண் வீட்டு வாசல் தெரிந்தது. மேளம் கேட்டது.

விரலால் பக்கத்தை மேலே தள்ளினாள். பெயர்கள் மேலே ஏறின. வீடியோ இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னும் தள்ளினாள். பக்கம் முடிந்துவிட்டது. கடைசி வரி வீடியோவுக்கு அடியில் நின்றது. வீட்டுக் கம்ப்யூட்டரில் மூலையில் ஒதுங்கிக் கிடந்த அதே வீடியோ, இந்தச் சின்னப் போனில் சரியாகக் கடைசி வரியின்மேல் படுத்துக் கிடந்தது.

மூடுவதற்கு ஏதாவது இருக்கும் என்று தேடினாள். ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெருக்கல் குறியின் பாதி தெரிந்தது. மீதிப் பாதி திரைக்கு வெளியே போயிருந்தது. தொட்டாள். மூடவில்லை. வீடியோ பெரிதாகித் திரை முழுவதும் ஆனது. குத்துவிளக்கு எரிந்தது. பாய் விரித்திருந்தது. மாயாண்டி வந்து உட்கார்ந்தார்.

நீலாவதி அவசரமாக வெளியே வந்து மறுபடி திறந்தாள். மறுபடி வாசல், மறுபடி மேளம்.

"அப்படித்தான் வரும்" என்றார் ஆறுமுகம். "எனக்குந்தான் வந்துச்சு. கண்ணு கூசுது, அந்த மூடுற குறி எங்க இருக்குன்னே தெரியல. தொட்டா பெருசாவுது. பெருசானா அந்தாளு வந்து ஒக்கார்றான். அணைச்சுட்டு மறுபடி தொறப்பேன்."

"எதுக்குண்ணே திரும்பத் திரும்ப?"

பஞ்சாலை சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"அதுக்குக் கீழ எம்பேரு இருக்கான்னு பாக்கத்தான்" என்றார்.

நாற்பத்து மூன்று. கோபத்தில் பார்க்கிறார், வீம்பில் பார்க்கிறார், சபிக்கத்தான் பார்க்கிறார் என்று காலையிலிருந்து நீலாவதி என்னென்னவோ நினைத்தாயிற்று. புருஷன் நோட்டில் சிவப்புக் கோடு போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். இங்கே அறுபத்தாறு வயது மனிதர், கட்டு அவிழ்த்த கண்ணோடு, ஒரு வரியைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

பஞ்சாலை வந்து அவள் கையிலிருந்து போனை வாங்கினாள். வாங்கிய வேகத்தில் போன் அவள் கையில் படுக்கைவாட்டில் திரும்பியது. படமும் கூடவே திரும்பியது. வெளியே போயிருந்த பாதிக் குறி உள்ளே வந்துவிட்டது. அவள் சுண்டுவிரலால் தொட்டாள். வீடியோ போய்விட்டது.

வீட்டில் சத்தம் நின்றது.

"இருக்கா?" என்றார் ஆறுமுகம்.

பஞ்சாலை பக்கத்தைக் கடைசி வரை தள்ளி, போனைக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி படித்தாள். "தாய்மாமன், திரு ஆறுமுகம், திருமதி பஞ்சாலை, ராசா."

"இன்னொரு தடவ படி."

அவள் படித்தாள். தன் பெயர் வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படித்தாள். அவளுக்கும் அது புதுச் செய்திதான்.

ஆறுமுகம் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்த கண்ணில் எப்போதும் நீர் வரும் என்று பஞ்சாலை யாரும் கேட்காமலே சொன்னாள். அப்பாடா என்று இருந்தது நீலாவதிக்கு. பெயரைப் பார்த்தாயிற்று, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று தாம்பாளத்தைத் தூக்கக் கையை நீட்டினாள்.

"நீ இத இதுக்கு முன்ன பாத்தியா நீலா? போன்ல?"

நீட்டிய கை நின்றது. அவளிடமும் போன் இருக்கிறது. சின்னதுதான். மூன்று வாரமாக ராசாவின் எண்ணிக்கையைக் காலையும் மாலையும் கேட்டாள். தன் போனில் அந்தப் பக்கத்தை ஒரு தடவையாவது திறந்து, அண்ணனுக்கு என்ன தெரியும் என்று பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"இல்லண்ணே. இப்பதான் பாக்குறேன்."

"ம்" என்றார். "பேரு இருக்கு, சரி. பேர எழுதிப் போட ஒரு நிமிஷம் ஆகாது. அந்தாள அங்க ஒக்கார வச்சது யாரு? மாப்ளதான, ஒம் புருஷன்?"

நீலாவதி ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் அதைத்தான் எதிர்பார்த்தார். தங்கராஜு அதை மறுக்க இங்கே இல்லை. மாயாண்டி அவருடைய சினேகிதர். ஒன்றரை மாதமாக எல்லோரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவளும் அதைத் திருத்தவில்லை.

"அவரு இல்ல" என்றாள். "அவரு ஒங்களுக்குப் போன் போடலாம், பத்து நிமிஷத்துல வந்துருவாருன்னுதான் சொன்னாரு. நல்ல நேரம் போயிரும்னு நான்தான் மாயாண்டி அண்ணன ஒக்காரச் சொன்னேன். இப்பப் போன் போட்டா, ஏன் மொதல்லயே சொல்லலன்னு நீங்க கேப்பீங்க. அதுக்குப் பயந்துக்கிட்டு."

ஆறுமுகம் தங்கையைப் பார்த்தார். கண்ணாடி இல்லாத அந்தக் கண் சிவந்து, ரொம்ப வயதானதாக இருந்தது. திட்டுவார் என்று நீலாவதி காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாப்ள எங்க?"

"கார்ல. சிம்பாங்குல நிக்கிறாரு."

"நீ வந்ததுலேர்ந்தா?"

"ஆமாண்ணே."

"உள்ள வர மாட்டாராமா?"

அதற்கு என்ன சொன்னாலும் தப்பாகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆறுமுகம் தாம்பாளத்தைக் கையால்கூடத் தள்ளவில்லை. அவ்வளவு மரியாதை தெரிந்த மனிதர். குனிந்து, உருண்டு ஓரத்தில் கிடந்த தேங்காயை எடுத்து நடுவில் நேராக வைத்தார். வேட்டியைத் தொடவில்லை.

"ஒம்மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்லா. இருக்கு. அது நமக்குள்ள" என்றார். "ஆனா தட்டுன்னா ரெண்டு பேரும் நின்னு குடுக்கணும். நீ மட்டும் குடுத்து நான் வாங்கினா, ஞாயித்துக்கெழம நான் அங்க வந்து யாரு மாமனா நிக்கிறது? போயி மாப்ளயக் கூட்டிக்கிட்டு வா. வரலன்னா இதையும் எடுத்துக்கிட்டுப் போயிரு. இன்னொரு தடவ வேணாம்."

நீலாவதி எழுந்தாள். மூட்டு வலித்தது. செருப்பைக்கூடப் போடாமல் சந்தில் நடந்தாள். சிமெண்டுத் தரை சுட்டது. அண்ணன் வாசல்வரை வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

இவர் வருவாரா? காலையிலிருந்து அவர் பேசிய பேச்சை நினைத்தால் வரமாட்டார். நிச்சயதார்த்தத்தன்று போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, மச்சானைக் கூப்பிடட்டுமா என்று இரண்டு தடவை கேட்ட மனிதர் என்று நினைத்தால் வந்துவிடுவார் போலவும் இருந்தது. தான் அன்றைக்குச் செய்ததை அவர் ஒன்றரை மாதமாக யாரிடமும் சொல்லவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஏன் சொல்லவில்லை என்பது மட்டும் புரியவில்லை.

கார்க் கண்ணாடி இறங்கியது. தங்கராஜு போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். முகத்தில் பரபரப்பு.

"நீலா, இங்க பாரு. ராசாவுல இப்ப ஒரு ஆளு உள்ள நிக்கிது. அஞ்சு நிமிஷமாச்சு. வீடியோவ மூடிட்டாரு. மூடிட்டு, கடைசி வரியிலயே நிக்கிறாரு. இத்தன நாளுல இப்படி நடந்ததே இல்லலா."

"அது நாங்கதான்" என்றாள் நீலாவதி. "இறங்குங்க."

அவர் போனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். பிறகு சந்தின் கடைசியில், கண்ணாடி இல்லாமல் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற மச்சானைப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார். சீட் பெல்ட்டை அவிழ்க்கவில்லை.

"எறங்கி என்னா சொல்றது?" என்றார். இருநூறு பேர் பெயரைப் பார்க்காமல் கூப்பிட்டவர், ஒரு பிள்ளையைப் போல அவளைக் கேட்டார்.

நீலாவதி கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.